இரண்டு தராசுகளுக்கு இடையே

குறுவை அறுவடை முடிந்து, ஐப்பசி அடைமழை இறங்குவதற்கு முன்னால், மன்னார்குடி, நீடாமங்கலம், ஒரத்தநாடு வட்டாரங்களில் உள்ள நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில், தார்ப்பாய் போர்த்திய நெற்குவியல்கள் வரிசையாகக் காத்துக் கிடப்பதைத் தஞ்சைத் தரணியில் பயணம் செய்தவர்கள் கண்டிருப்பார்கள். முறை வந்ததும் குவியலிலிருந்து ஒரு கைப்பிடி நெல்லை எடுத்து ஈரப்பதம் அளக்கும் சிறு கருவியில் இடுகிறார்கள். கருவி 17 சதவீதத்திற்கு மேல் காட்டிவிட்டால், இன்னும் காய வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். வெயிலே இல்லாத நாளில் எங்கே போய்க் காய வைப்பது என்ற கேள்விக்கு அங்கே பதில் சொல்ல ஆளில்லை. தேறிய நெல்லைத் தூற்றும் இயந்திரத்தில் கொட்டிப் பதரும் தூசும் நீக்கி, 40 கிலோ கொண்ட சிப்பமாகச் சாக்கில் பிடித்துத் தராசில் ஏற்றுகிறார்கள். பட்டியல் எழுத்தர் எண்ணைக் குறித்துக் கொள்கிறார். சில நாளில் வங்கிக் கணக்கில் பணம் வந்து சேர்கிறது.

அதே நெல் ஆலைக்குப் போய், அவிந்து உலர்ந்து அரைபட்டு, கிடங்கில் சில மாதம் அடுக்குண்டு கிடந்து, லாரியேறி, விழுப்புரத்திலோ விருதுநகரிலோ ஒரு நியாயவிலைக் கடையில் மறுபடியும் ஒரு தராசைச் சந்திக்கிறது. வரிசையில் நிற்கும் அம்மாள் ஸ்மார்ட் கார்டை நீட்டி, கருவியில் விரலை வைத்து, ரேகை பதியவில்லை என்றால் விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடியும் வைத்து, பிறகு பையை விரித்துப் பிடிக்கிறார். 20 கிலோ அரிசி பைக்குள் விழுகிறது. பருப்புக்கும் பாமாயிலுக்கும் சர்க்கரைக்கும் பணம் எண்ணிக் கொடுக்கிறார். அரிசிக்கு மாத்திரம் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை.

முதல் தராசில் ஏறிய நெல்லுக்குச் சர்க்கார் பணம் கொடுத்தது. இரண்டாவது தராசிலிருந்து இறங்கிய அரிசிக்குச் சர்க்கார் பணம் வாங்கவில்லை. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தில், விலை, தேவை, மானியம், பற்றாக்குறை, பணவீக்கம் என்று பட்ஜெட் காலத்தில் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகிற விஷயங்களில் அநேகமாக எல்லாமே அடங்கியிருக்கின்றன. இவை நிபுணர்களுக்கு உரியவை, நமக்கு எட்டாதவை என்று எண்ணிப் பலர் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிடுவது வருந்தத் தக்கது. ஏனென்றால் அந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுவதும் பற்று எழுதப்படுவதும் அவர்களுடைய பணமே. இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றுதான். ஒரு பொருளின் விலையைச் சட்டம் போட்டோ உத்தரவு பிறப்பித்தோ இல்லாமற்செய்ய எந்தச் சர்க்காராலும் ஆகாது. அதை ஒருவர் தலையிலிருந்து இறக்கி இன்னொருவர் தலையில் ஏற்றி வைக்கவும், இன்றைய தினத்திலிருந்து நாளைக்குத் தள்ளி வைக்கவும்தான் முடியும். யார் தலையிலிருந்து யார் தலைக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்கு என்பதைத் தீர்மானிப்பதையே பொருளாதாரக் கொள்கை என்கிறோம்.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். 2025-26 பருவத்திற்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, பொது ரக நெல் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அந்தப் பருவத்தில் தமிழ்நாடு அதன்மேல் 131 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 2,500 ரூபாயாக விவசாயிக்குக் கொடுத்தது. ஒரு குவிண்டால் நெல்லை வாங்கிக் கொண்ட ஆலைக்காரர் 68 கிலோ புழுங்கல் அரிசி திருப்பித் தரவேண்டும் என்பது விதி. 2,500ஐ 68ஆல் வகுத்தால், நெல்லின் விலை மாத்திரமே கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 36 ரூபாய் 75 காசு ஆகிறது. சாக்கு, சுமைகூலி, அரவைக் கூலி, லாரி வாடகை, கிடங்கு வாடகை, நெல் வாங்கக் கடனெடுத்த பணத்திற்கு வட்டி, கழிவு, கடைக்காரர் சம்பளம் இவ்வளவையும் கூட்டினால் 40 ரூபாயைத் தாராளமாகத் தாண்டும். அம்மாளுடைய பையில் விழுந்த 20 கிலோவுக்கு 800 ரூபாய்க்கு மேல் யாரோ கொடுத்திருக்கிறார்கள். அந்த 'யாரோ' வருமான வரி கட்டுகிறவர் மாத்திரம் என்று நினைப்பது பெரும் பிழை. சோப்பு வாங்கும்போதும், செல்பேசிக்குப் பணம் போடும்போதும், பேருந்துக்கு ஊற்றும் டீசலிலும் மறைமுக வரியாகச் செலுத்துகிற கூலிக்காரரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார். சொல்லப்போனால் அந்த அம்மாளே இருக்கிறார்.

அப்படியானால் இந்தச் சுற்று எதற்கு, அரிசியைச் சந்தைக்கே விட்டுவிட்டு, வரியையும் குறைத்துவிடலாமே என்று சிலர் கேட்பது உண்டு. கேட்பதில் தவறில்லை, ஆனால் பதிலை 1943ஆம் வருஷத்து வங்காளத்தில் தேட வேண்டும்.

பொருளாதார சாஸ்திரத்தில் 'தேவை' என்று சொல்லும்போது, ஒரு மனிதனுக்கு வேண்டியிருப்பது என்பதல்ல அர்த்தம். வேண்டியிருப்பதை வாங்கும் சக்தியோடு சேர்ந்த விருப்பமே தேவை. பசி எவ்வளவு கொடிதாக இருந்தாலும், கையில் காசில்லாதவனுடைய பசி சந்தையின் காதில் விழாது. யுத்த காலத்து வங்காளத்தில் சர்க்காரின் யுத்தச் செலவினால் பணம் பெருகிற்று. கல்கத்தாவின் யுத்தத் தொழிற்சாலைகளிலும் ஒப்பந்தங்களிலும் சம்பந்தப்பட்டவர்கள் கையில் அது சேர்ந்தது. அரிசி விலை மேலே மேலே போயிற்று. விவசாயக் கூலிகளும் மீனவர்களும் கிராமத்துக் கைவினைஞர்களும் பெற்ற கூலி அதே இடத்தில் நின்றது. சுமார் 30 லட்சம் ஜனங்கள் மாண்டார்கள். அந்தப் பஞ்சத்தைச் சிறு பிராயத்தில் நேரில் கண்ட அமர்த்தியா சென், 1981இல் வெளிவந்த தம்முடைய ஆராய்ச்சியில், 1943இல் வங்காளத்தில் இருந்த உணவு 1941இல் இருந்ததைவிடக் குறைந்ததல்ல, பஞ்சமில்லாத வருஷத்தில் இருந்த அளவேனும் இருக்கத்தான் இருந்தது என்று எடுத்துக் காட்டினார். தானியம் இருந்தது, அதைப் பெறும் உரிமை ஒரு பகுதி ஜனங்களின் கையிலிருந்து நழுவிப் போயிற்று. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக் கொண்டவர்கள், நியாயவிலைக் கடையைத் தர்ம கைங்கரியம் என்றோ தேர்தல் லஞ்சம் என்றோ அலட்சியமாகப் பேச மாட்டார்கள்.

ஆனால் கட்டுப்பாடும் பங்கீடும் எக்காலத்திற்கும் எச்சந்தர்ப்பத்திற்கும் பொருந்தும் மருந்து என்று கொள்வதும் சரித்திரத்திற்கு ஒவ்வாது. யுத்த காலத்தில் வந்த ரேஷன் முறையும் தானியக் கட்டுப்பாடும் யுத்தம் முடிந்த பிறகும் சென்னை ராஜ்யத்தில் நீடித்து, விவசாயி நெல்லைக் காட்ட அஞ்சி ஒளிக்கவும், வியாபாரி கள்ளச்சந்தையில் விற்கவும், அதிகாரி வண்டியை மறிக்கவுமாக ஒரு விபரீதமான வாழ்க்கை நடந்து கொண்டிருந்தது. 1952இல் முதலமைச்சர் பொறுப்பேற்ற ராஜாஜி, சில வாரங்களுக்குள்ளாக அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார். விலை விஷம் போல் ஏறும் என்று அஞ்சியவர்கள் பலர். அது நேரவில்லை. மழையும் கைகொடுத்தது என்பது உண்மையே. ஆனாலும் இதில் கவனிக்க வேண்டியது மனித மனத்தின் போக்கு. நாளைக்கு விலை ஏறும், அல்லது பொருளே கிடைக்காது என்று எல்லாரும் எதிர்பார்த்தால் எல்லாரும் பதுக்குகிறார்கள். எல்லாரும் பதுக்குவதனாலேயே விலை ஏறுகிறது. கிடைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தால் பதுங்கிய நெல் வெளியே வருகிறது. 'எதிர்பார்ப்பு' என்று பொருளாதார அறிஞர்கள் பெயரிட்டுப் பெரிய சமன்பாடுகள் எழுதுகிற விஷயம் இதுவே. ரபி அகமது கித்வாய் மத்தியில் உணவு மந்திரியாக இருந்த காலத்தில், 1954க்குள் நாடு முழுவதும் அந்தக் கட்டுப்பாடுகள் நீங்கின.

அதற்குப் பத்து வருஷம் கழித்து நிலைமை தலைகீழாக மாறியது. மழை பொய்த்தது, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு நாளை எண்ணியது. உணவு மந்திரியாக இருந்த சி. சுப்பிரமணியம், விவசாயிக்கு நிச்சயமான விலை கிடைத்தாலொழிய அவன் புதிய விதைக்கும் உரத்திற்கும் பணம் போடமாட்டான் என்று உணர்ந்து, 1965இல் விவசாய விலைக் கமிஷனையும் இந்திய உணவுக் கழகத்தையும் தொடங்கிவைத்தார். உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் அந்த வருஷம் ஜனவரி 14ஆந் தேதி தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. பொங்கலன்று காவிரிக் கரையில் பிறந்த ஸ்தாபனம், பிற்பாடு பஞ்சாப், ஹரியாணாவின் கோதுமையையும் நெல்லையும் மலை மலையாக வாங்கப் போகிறது என்று அன்றைக்குச் சிலரே ஊகித்திருக்கக் கூடும்.

1967 தேர்தலில் அரிசியே பெரிய பிரச்னைகளில் ஒன்று. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று முழங்கி ஆட்சிக்கு வந்த அண்ணாதுரையின் சர்க்கார், ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற திட்டத்தைச் சென்னையிலும் கோயமுத்தூரிலும் ஆரம்பித்தது. ராஜ்யம் முழுவதற்கும் அதை விரிக்க முடியாமற் போனதற்கு மனமில்லாமை காரணமல்ல. ஒரு படிக்கும் அதன் உண்மை அடக்க விலைக்கும் இடையே இருந்த வித்தியாசத்தைப் படிக்குப் படி பெருக்கிப் பார்த்தபோது, அதைத் தாங்கும் கஜானா அன்றைய ராஜ்யத்துக்கு இல்லை. லட்சியத்திற்கும் நிச்சயத்திற்கும் இடையே நிற்கிற அந்த எல்லைக்கு வரவு செலவுத் திட்டம் என்று பெயர். 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது; கொள்முதல், அரவை, கிடங்கு, விநியோகம் என்ற நான்கு காரியங்களும் ஒரே ஸ்தாபனத்தின் கீழ் வந்தன. 2008இல் கிலோ ஒரு ரூபாயும், 2011இல் விலையில்லாமலும் அரிசி கொடுக்க முடிந்ததற்கு, நாற்பது ஆண்டுகளாக வளர்ந்த இந்த அமைப்பும், இடையில் தொழிலும் வியாபாரமும் பெருகியதனால் உயர்ந்த வரி வருமானமும் சேர்ந்தே காரணம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. 1968 டிசம்பர் 25ஆந் தேதி இரவு, அப்போது தஞ்சை மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 தலித் ஜனங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். அந்தப் பூசலின் மூலம், அறுவடைக் கூலியில் கூடுதலாகக் கேட்ட அரைப் படி நெல். ஒரு தொழிலாளி எவ்வளவு குறைந்த கூலிக்கு இணங்குவான் என்பதை, இணங்காவிட்டால் அவன் வீட்டில் அன்றிரவு அடுப்பெரியுமா என்பதே தீர்மானிக்கிறது. வீட்டில் 20 கிலோ அரிசி இருக்கிற குடும்பம், நாளைக்கு வேலைக்கு வரமாட்டோம் என்று சொல்ல முடியும். இல்லாத குடும்பம் சொல்ல முடியாது. ரேஷன் அரிசியினால் ஜனங்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள், நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை என்று குறைப்பட்டுக் கொள்கிறவர்கள், தங்களை அறியாமலே இந்த உண்மையைத்தான் சாட்சி சொல்கிறார்கள். கூலி பேசும் மேடையில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய சமமாக உட்காரும்படி செய்தது அந்த அரிசி. மானியத்தின் பயனை அளக்கிறவர்கள் இதை எந்தப் பத்தியில் எழுதுகிறார்கள் என்று நான் தேடிப் பார்ப்பதுண்டு, பெரும்பாலும் எழுதுவதில்லை.

மானியம் யாருக்கு என்ற கேள்வியில் தமிழ்நாடு தனி வழியில் நடந்திருக்கிறது. 1997இல் மத்திய சர்க்கார் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர், மேலே இருப்பவர் என்று ஜனங்களைப் பிரித்து, கீழே இருப்பவர்களுக்கு மாத்திரம் மலிவு விலை என்று ஏற்பாடு செய்தபோது, தமிழ்நாடு எல்லாருக்கும் உரிய முறையையே வைத்துக் கொண்டது. பார்வைக்கு இது வீண் செலவாகத் தோன்றும். பணக்காரருக்கு எதற்கு மலிவு அரிசி? ஆனால் பிரித்துக் கொடுப்பதில் இரண்டு விதத் தவறுகள் நேரக்கூடும்: வேண்டாதவர் உள்ளே வருவது ஒன்று, வேண்டியவர் வெளியே நிற்பது மற்றொன்று. முதல் தவறினால் பணம் போகிறது. இரண்டாவது தவறினால் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கிறது. பட்டியலில் பேர் சேர்க்கும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்கும் இடத்தில், அந்தப் பேருக்கு ஒரு விலையும் ஏற்பட்டுவிடுகிறது. எல்லாருக்கும் உண்டு என்ற இடத்தில் அந்த வியாபாரத்துக்கு இடமில்லை. நடுத்தர வர்க்கத்தாரும் வாங்குகிற கடையில் அரிசி புழுத்திருந்தால் கேள்வி கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். தவிரவும், வேண்டாதவர்கள் தாமாகவே ஒதுங்கிக் கொள்ள வழியிருக்கிறது. அரிசிக்குப் பதில் சர்க்கரை பெறும் அட்டையும், எந்தப் பொருளும் வேண்டாத அட்டையும் தமிழ்நாட்டில் உண்டு. கடையில் கொடுக்கும் மோட்டா அரிசியும் வரிசையில் நிற்கும் நேரமுமே, யாரும் கட்டாயப்படுத்தாமல் வசதியுள்ள பலரை விலக்கிவிடுகின்றன. கடையிலிருந்து வெளிச்சந்தைக்குக் கசிந்து போகும் அரிசியின் பங்கு, பொருளாதார அறிஞர்கள் செய்த மதிப்பீடுகளில், நாட்டின் சராசரியைவிடத் தமிழ்நாட்டில் மிகக் குறைவாகவே இருந்திருக்கிறது. ஆயினும், அரிசி கடத்திய லாரிகள் எல்லைச் சோதனைச் சாவடிகளில் பிடிபடும் செய்தி இன்னும் நின்றபாடில்லை; ஒரே பொருளுக்கு இரண்டு விலை இருக்கிற வரையில், மலிவான இடத்திலிருந்து அதிக விலையுள்ள இடத்திற்கு அது நகரப் பார்க்கும்.

இனி முதல் தராசுக்கு வருவோம். குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பற்றி விவசாயிகள் வருஷந்தோறும் போராடுவதன் நடுவே ஒரு நுட்பமான கணக்கு இருக்கிறது. விதை, உரம், கூலி, டீசல், வெளியாளுக்குக் கொடுத்த குத்தகை முதலிய கைச்செலவும், குடும்பத்தார் வயலில் உழைத்த உழைப்பின் மதிப்பும் ஒரு வகைச் செலவு. சொந்த நிலத்தைத் தானே பயிரிடாமல் இன்னொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய வருமானம், சொந்தப் பணத்தைப் பயிரில் போடாமல் வங்கியில் போட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய வட்டி, இவற்றையும் சேர்ப்பது இன்னொரு வகை. கையை விட்டுப் போகாவிட்டாலும், வராமற் போனதும் செலவே. இதனை வாய்ப்புச் செலவு என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். 2018-19 முதல் மத்திய சர்க்கார் முதல் வகைச் செலவுக்கு ஒன்றரை மடங்கு விலை கொடுப்பதாகச் சொல்கிறது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் தலைமை வகித்த தேசிய விவசாயிகள் கமிஷன் சொன்ன ஐம்பது சதவீத லாபத்தை, இரண்டாவது வகைச் செலவின் மேல் கணக்கிட வேண்டும் என்று விவசாயிகள் கேட்கிறார்கள். சண்டை, லாபத்தின் அளவைப் பற்றியதல்ல. செலவு என்பது எது என்பதைப் பற்றியது. நிலத்தையும் மூலதனத்தையும் ஒரு தொழிலதிபர் தம் கணக்கில் சேர்த்துக் கொள்வதை யாரும் தவறென்று சொல்வதில்லை. விவசாயிக்கு மாத்திரம் அந்த நியாயத்தை மறுப்பதற்குத் தக்க காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

அதைவிடப் பெரிய குறை, விலை அறிவிப்பதற்கும் வாங்குவதற்கும் இடையே இருப்பது. இருபதுக்கு மேற்பட்ட பயிர்களுக்கு ஆதரவு விலை அறிவிக்கப்படுகிறது. பெரும் அளவில் வாங்கப்படுவது நெல்லும் கோதுமையும்தான். வாங்க ஆளில்லாத விலை காகிதத்தில் எழுதிய எண். 2015இல் சாந்த குமார் தலைமையிலான குழு, நாட்டில் ஆதரவு விலையால் நேரே பயனடையும் விவசாயிகள் 6 சதவீதம் மாத்திரமே என்று சொன்னது. தமிழ்நாட்டுக் காவிரிப் பாசனத்தில் நிலைமை இதைவிடச் சிறப்பு என்றாலும், அங்கேயும் சிட்டா அடங்கல் காட்ட முடியாத வாய்மொழிக் குத்தகைதாரர், காகிதம் சேர்க்கும் அலைச்சலுக்கு அஞ்சி, களத்திலேயே வியாபாரிக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவது உண்டு. ஈரப்பதத்தை 17லிருந்து 22 சதவீதமாகத் தளர்த்த வேண்டும் என்று மாநிலச் சர்க்கார் கேட்டு எழுதுவதும், டெல்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போவதும் வழக்கமாகிவிட்டன. 19, 20 என்று சில வருஷம் தளர்த்தியும் இருக்கிறார்கள். பதில் வருவதற்குள் முளைத்துவிட்ட நெல்லின் நஷ்டம் மட்டும் யாருடைய பட்ஜெட்டிலும் ஏறுவதில்லை; அது முழுவதும் விவசாயியின் தலையிலேயே நின்றுவிடுகிறது. மழைக்காலத்தில்தான் அறுவடை வரும் என்று நன்றாகத் தெரிந்த பிரதேசத்தில், உலர்த்தும் இயந்திரங்களையும் கூரையுள்ள களங்களையும் கட்டாமல், வருஷந்தோறும் விதி தளர்வை எதிர்பார்ப்பது நிர்வாகமாகாது.

விலையை ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்றுவதைப் பார்த்தோம். இன்றிலிருந்து நாளைக்குத் தள்ளுவது எப்படி என்பதற்கு உணவு மானியத்தின் கணக்கிலேயே ஒரு பாடம் இருக்கிறது. வரவுக்கு மேல் சர்க்கார் செலவழித்துக் கடன் வாங்குகிற தொகையே நிதிப் பற்றாக்குறை. அதைக் கட்டுக்குள் வைக்க 2003இல் சட்டமே செய்தார்கள். ஆனால் 2016-17இலிருந்து சில வருஷங்கள், உணவுக் கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய மானியத்தில் ஒரு பகுதியை பட்ஜெட்டிலிருந்து கொடுக்காமல், தேசியச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகம் கடனாக எடுத்துக் கொள்ளும்படி ஏற்பாடாயிற்று. அந்த நிதி எங்கிருந்து வருகிறது? தபாலாபீசில் ஜனங்கள் போடுகிற சேமிப்பு, பெண் குழந்தைகளின் பேரில் கட்டும் செல்வமகள் திட்டப் பணம், பொது வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றிலிருந்து. கடன் கழகத்தின் பேரில் இருந்ததால் பட்ஜெட்டின் பற்றாக்குறை அந்த அளவுக்குக் குறைந்து தெரிந்தது. வட்டியோ மேலே மேலே ஏறியது. 2020-21இல் அந்தக் கடனைத் தீர்த்துக் கணக்கை நேராக்க முடிவு செய்தபோது, பட்ஜெட்டில் முதலில் 1.15 லட்சம் கோடி என்று மதிப்பிட்ட உணவு மானியம், தொற்றுநோய்க் காலத்து இலவச தானியமும் சேர்ந்து, 5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிப் போயிற்று. அந்த ஒரு வருஷத்தில் ஜனங்கள் ஐந்து மடங்கு அரிசி சாப்பிட்டுவிடவில்லை. முந்தைய வருஷங்களில் எழுதாமல் விட்டதில் ஒரு பெரும் பகுதியை அந்த வருஷத்தில் எழுதினார்கள். கணக்கை நேராக்கியதைப் பாராட்டலாம். ஒரு வருஷத்துப் பற்றாக்குறை எண்ணை மாத்திரம் பார்த்து ஒரு சர்க்காரைச் சிக்கனமானது என்றோ ஊதாரி என்றோ தீர்ப்பளிக்கக் கூடாது என்பதற்கும் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

பணவீக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2016இல் திருத்திய சட்டத்தின்படி, சில்லறை விலைவாசி உயர்வை 4 சதவீதத்தில், இரண்டு சதவீதம் கூடக்குறைய, நிறுத்துவது ரிசர்வ் வங்கியின் கடமை. ஆறு பேர் கொண்ட குழு கூடி, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை நிர்ணயிக்கிறது. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த அந்த வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆயிற்று, வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்குத் தவணை நீண்டதையோ தொகை கூடியதையோ நினைவிருக்கும். வட்டி ஏறினால் ஜனங்கள் கடன் வாங்கிச் செலவழிப்பது குறையும், செலவு குறைந்தால் விலை இறங்கும் என்பது தத்துவம். ஆனால் 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட விலைக் குறியீட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 46 பங்கு உணவும் பானமுமாக இருந்தது. 2023 ஜூலையில் தக்காளி விலை நூறு ரூபாயைத் தாண்டியபோது, ரெப்போ வட்டியினால் ஒரு தக்காளியும் கூடுதலாகக் காய்க்கப் போவதில்லை. தமிழ்நாட்டுச் சர்க்கார் கொள்முதல் செய்து நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றதே அன்றைக்கு உதவியது. வட்டியின் உபயோகம் வேறிடத்தில்: விலை இப்படியே ஏறும் என்ற எண்ணம் கூலியிலும் வாடகையிலும் வேர்விடாமல் தடுப்பது. 1952இல் அரிசியில் கண்ட அதே எதிர்பார்ப்பைத்தான் ரிசர்வ் வங்கியும் எதிர்த்து நிற்கிறது.

அதே ஜூலை மாதம் 20ஆந் தேதி, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை மத்திய சர்க்கார் தடை செய்தது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீத வரி விதித்தது. உலக அரிசி வியாபாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவுடையது. உள்நாட்டில் விலை ஓரளவு அடங்கியிருக்கலாம். ஆனால் உலகச் சந்தையில் அரிசி விலை பதினைந்து வருஷம் காணாத உயரத்திற்குப் போயிற்று. மேற்கு ஆப்பிரிக்காவில் இந்திய அரிசியை நம்பியிருக்கும் ஏழைகளும், நல்ல விலைக்கு விற்றிருக்கக்கூடிய இந்திய விவசாயியும் அந்த வித்தியாசத்தைச் செலுத்தினார்கள். 2024 செப்டம்பரில் தடை நீங்கிற்று. அதற்குள் உணவுக் கழகத்தின் கிடங்குகளில் அரிசி, அவசரத் தேவைக்காக வைத்திருக்க வேண்டிய அளவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் குவிந்து, 2025இல் அதில் ஒரு பகுதியைக் கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு எரிசாராய ஆலைகளுக்கு விற்க வேண்டி வந்தது. 40 ரூபாய் அடக்கமான அரிசி அது. பஞ்சாபில் அதை விளைவிக்க இறைத்த நிலத்தடி நீரின் விலை அந்த 40 ரூபாயிலும் சேரவில்லை.

இதற்கு மாற்று, நியாயவிலைக் கடையை மூடுவதல்ல. அதன் வழியே போகும் பொருளை மாற்றுவது. தர்மபுரியிலும் நீலகிரியிலும் 2023இல், விரும்பும் அட்டைதாரர்களுக்கு அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் திட்டம் ஆரம்பமாயிற்று. தர்மபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளிடமிருந்து ஆதரவு விலையில் கேழ்வரகைச் சர்க்கார் வாங்குகிறது. 2025-26க்குக் கேழ்வரகின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். நெல்லைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிலோ 30 ரூபாய்க்குக் கொடுக்கிற துவரம் பருப்புக்கும் இதே வழி திறந்திருக்கிறது. இறக்குமதியையும் வியாபாரிகளையும் நம்பி டெண்டர் விடுவதோடு நில்லாமல், துவரை விளைகிற மானாவாரி மாவட்டங்களில் கொள்முதல் நிலையத்தைத் திறந்து, இங்கேயே வாங்கி இங்கேயே விநியோகிக்கலாம். செலவு கூடத்தான் செய்யும். கூடும் தொகையை, எரிசாராயத்திற்குப் போகும் அரிசியில் மிச்சமாகும் தொகையோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அடுத்த பட்ஜெட்டில் சட்டசபையின் முன்பும் பார்லிமெண்டின் முன்பும் வைக்கும்படி நம்முடைய பிரதிநிதிகளைக் கேட்பது, எந்தக் கட்சிக்கு வாக்களித்த குடும்ப அட்டைதாரருக்கும் உரிய கேள்வி.